ஏழு நாள் ஸ்டிக்கரோடு உரிமை முடிந்துவிடுமா? மவுஸ், மடிக்கணினி வாங்குவோருக்கான பயனீட்டாளர் சட்டம்

போன வருடம் பினாங்கில் கொம்தார் பக்கம் ஒரு கடையில் என் அக்கா மகளுக்கு ஒரு மவுஸ் வாங்கிக் கொடுத்தேன். கம்பியில்லாத வகை, 89 வெள்ளி (ரிங்கிட்). அவள் வரைகலை படிக்கிறாள், நாள் முழுக்க மவுஸும் கையுமாக இருப்பவள். ஐந்தாவது வாரம் இடது பொத்தான் மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஒரு தடவை அழுத்தினால் கணினி அதை இரண்டு தடவையாக எடுத்துக்கொண்டது. கோப்பைத் தேர்ந்தெடுக்கப் போனால் அது திறந்துகொள்ளும். படத்தைப் பிடித்து இழுத்தால் பாதி வழியில் நழுவிவிடும்.

கடைக்குக் கொண்டுபோனோம். கல்லாவில் இருந்த பையன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். அடியில் கடைக்காரர்களே ஒட்டிய சின்ன மஞ்சள் ஸ்டிக்கர், ஏழு நாளுக்குள் மாற்றித் தருவோம் என்று. "வாரண்டி சூடா ஹாபிஸ், காக்" என்றான். வாரண்டி முடிந்துவிட்டதாம். "விடுங்க சித்தி, வேற வாங்கிக்கலாம்" என்று அவளும் பெட்டியைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

விடக்கூடாது. அந்த ஸ்டிக்கர் கடைக்காரர் தானாக முன்வந்து கொடுக்கும் சலுகை, அவ்வளவுதான். ஏழு நாளுக்குள் போனால் கேள்வி கேட்காமல் மாற்றித் தருவார். எட்டாம் நாள் அந்தச் சலுகை போய்விடும், ஆனால் உங்கள் உரிமை போகாது. அந்த உரிமையைத் தருவது மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். அதன் 6ஆம் பிரிவுப்படி, ரசீதிலோ ஒப்பந்தத்திலோ என்ன எழுதியிருந்தாலும் இந்தச் சட்டம் தரும் பாதுகாப்பைப் பறிக்க முடியாது. "விற்ற பொருள் திரும்ப எடுத்துக்கொள்ளப்படாது" என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்களே, பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது.

சட்டம் என்ன உத்தரவாதம் தருகிறது?

முதலாவது 32ஆம் பிரிவு. வியாபாரமாக விற்கப்படும் எந்தப் பொருளும் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். அந்த வகைப் பொருள் செய்ய வேண்டிய வேலையை அது செய்ய வேண்டும், பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டும், சின்னச் சின்னக் குறைகள்கூட இருக்கக் கூடாது, பாதுகாப்பாக இருக்க வேண்டும், நியாயமான காலம் உழைக்க வேண்டும். எது நியாயம் என்பதை விலை, பொருளின் தன்மை, பெட்டியில் எழுதியிருப்பது எல்லாவற்றையும் வைத்துப் பார்ப்பார்கள். பத்து வெள்ளி மவுஸ் மூன்று வருடம் உழைக்கவில்லை என்று சண்டை போட முடியாது. 89 வெள்ளி மவுஸ் ஐந்து வாரத்தில் பல்லிளித்தால் அது வேறு கதை.

இந்த இரட்டை அழுத்தக் கோளாறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் கடையில் பேச வசதியாக இருக்கும். மவுஸ் பொத்தானுக்கு அடியில் விரல் நுனி அளவில் ஒரு நுண்விசை இருக்கிறது. அதற்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று. நாம் அழுத்தும்போது தகடு வளைந்து இன்னோர் உலோக முனையைத் தொடும், அப்போது மின்சாரம் பாயும், அந்த 'டிக்' சத்தம் வரும். தகடு தளர்ந்துவிட்டாலோ தொடும் இடம் அழுக்கேறித் தேய்ந்தாலோ, ஒரே அழுத்தத்தில் தகடு துள்ளித் துள்ளி இரண்டு மூன்று முறை தொட்டுவிடுகிறது. கணினிக்கு அது இரண்டு அழுத்தம். நல்ல விசைகள் பல லட்சம், சில கோடி அழுத்தங்கள்கூடத் தாங்கும் என்று தயாரிப்பாளர்களே பெட்டியில் எழுதுகிறார்கள். அப்படி எழுதியிருந்தால் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். பொருள் அதன் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது 34ஆம் பிரிவு. பெட்டியில் உள்ள ஒவ்வொரு வரியும் உங்கள் சாட்சி.

33ஆம் பிரிவைப் பற்றி நம்மில் அதிகம் பேருக்குத் தெரியாது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. இன்ன வேலைக்கு வேண்டும் என்று நீங்கள் கடைக்காரரிடம் சொல்லி, அவர் பேச்சை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குப் பொருந்த வேண்டும். அதனால் கடையில் வாயைத் திறந்து சொல்லுங்கள். "பிள்ளை இடது கைப் பழக்கம்." "கை சின்னது, நாளைக்கு ஆறு மணி நேரம் வரைவாள்." "இந்த மடிக்கணினியில் புளூடூத் மட்டும்தான் இருக்கிறது, யூஎஸ்பி துளை இல்லை." சொன்ன பிறகும் வலது கைக்கென்று ஒரு பக்கம் வளைத்துச் செய்த மவுஸை எடுத்துக் கொடுத்தால் தப்பு அவருடையது. சொல்லாமல் வாங்கினால் நம்முடையது. முடிந்தால் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு முதல் நாளே கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப் பேச்சைவிட அது உறுதி.

வீட்டுக்குப் போன பின் நிறம் பிடிக்கவில்லை, பக்கத்துக் கடையில் பத்து வெள்ளி குறைவு, மனம் மாறிவிட்டது என்பதற்கெல்லாம் இந்தச் சட்டம் இல்லை. அந்த மாதிரி விஷயத்தில் கடைக்காரர் விரும்பினால் மாற்றித் தரலாம், விரும்பாவிட்டால் இல்லை. மறுவிற்பனைக்கு மொத்தமாக வாங்குபவரும் பயனீட்டாளர் ஆகமாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய மவுஸை உங்களிடம் விற்றால், அவர் வியாபாரி இல்லை, அதற்கும் இது பொருந்தாது.

கடை என்ன செய்ய வேண்டும்?

சரிசெய்யக்கூடிய பழுது என்றால் முதலில் கடைக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். பழுது பார்க்கலாம், வேறு தரலாம், பழுது பார்க்க வழியில்லை என்றால் பணத்தைத் திருப்பித் தரலாம். நியாயமான காலத்துக்குள் செய்யவில்லை என்றாலோ, சரிசெய்யவே முடியாத பெரிய பழுது என்றாலோ, பொருளை நீங்கள் நிராகரிக்கலாம். நிராகரித்த பிறகு பணமா வேறு பொருளா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள். ஆனால் தாமதம் கூடாது. பழுது தெரிந்தும் மாதக்கணக்கில் வைத்துப் பயன்படுத்திவிட்டுப் போனால் நிராகரிக்கும் உரிமை கையை விட்டுப் போய்விடும்.

"எங்களுக்கு இதில் சம்பந்தமில்லை, நிறுவனத்திடம் போங்க" என்பது அடிக்கடி காதில் விழும் பதில். தயாரிப்பாளரிடமும் உங்களுக்கு உரிமை உண்டுதான். ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டது கடை. முதல் பொறுப்பும் கடையுடையதே.

நிராகரிப்பதற்கு இந்தச் சட்டத்தில் ஆங்கிலத்தில் வரும் சொல் 'ரிஜெக்ட்'. அதைப் படித்தபோது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. பினாங்கின் பாயான் லெப்பாசில் 1972 முதல் மின்னணுத் தொழிற்சாலைகள் ஓடுகின்றன. அங்கே லைனில் உட்கார்ந்து, நுண்ணோக்கியில் கண் வைத்து, ஒரு கீறல் இருந்தாலும் "ரிஜெக்ட்" என்று தட்டில் ஒதுக்கி வைத்தவர் அவர். நம் வீடுகளில் இப்படி எத்தனை அம்மாக்கள், அத்தைகள்! தொழிற்சாலையில் அவ்வளவு கறாராக இருந்த நாம், அதே மாதிரிப் பொருளைக் கடையில் காசு கொடுத்து வாங்கும்போது மட்டும் "நம்ம தலையெழுத்து" என்று விட்டுவிடுகிறோம். எனக்கு இது தாங்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியவை

கம்பியில்லாத மவுஸ், விசைப்பலகை, காதொலிக் கருவி எல்லாம் ரேடியோ அலையில் வேலை செய்பவை. பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ். மலேசியாவில் விற்க இவற்றுக்குத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் (எம்.சி.எம்.சி.) சான்று வேண்டும். சோதித்துச் சான்று வழங்குவது தரச் சோதனை நிறுவனமான சிரிம். எம்.சி.எம்.சி. முத்திரை பொருளிலோ பெட்டியிலோ இருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் செருகும் சார்ஜருக்கு எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் முத்திரை இருக்க வேண்டும். நம் நாட்டுச் செருகி மூன்று தட்டைப் பல் கொண்டது. உருண்டை இரட்டைப் பல்லோடு வரும் சார்ஜரைப் பேனா மூடியால் நெம்பிச் செருகும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். தீப்பிடித்தால் எந்தச் சட்டமும் வீட்டைத் திருப்பித் தராது.

பிறகு ரசீது. இங்கே கடைகளில் தரும் ரசீது பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் தாள். ஆறு மாதம் காரில் கிடந்தால் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கியவுடன் கைத்தொலைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். கடைப் பலகையில் ஒரு பெயர் இருக்கும், ரசீதில் வேறு நிறுவனப் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். வழக்கு என்று வந்தால் உங்களுக்கு வேண்டியது ரசீதில் உள்ள பெயர். மடிக்கணினி, கைத்தொலைபேசி, டேப்லெட் வாங்கினால் அந்த ரசீது வருமான வரிக்கும் உதவும். வாழ்க்கை முறைச் செலவுக்கான 2,500 வெள்ளி கழிவில் அதைக் காட்டலாம், வியாபாரத்துக்குப் பயன்படுத்தாத வரை.

இணையத்தில் வாங்கினாலும் இதே சட்டம்தான். விற்பவர் தன் பெயர், தொடர்பு விவரம், முழு விலை, அனுப்பும் கட்டணம் எல்லாவற்றையும் வெளிப்படையாகப் போட வேண்டும். அந்தப் பக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள், அடுத்த வாரம் அது மாறியிருக்கலாம். விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் மலேசியத் தீர்ப்பை வைத்து அவரிடம் பணம் வாங்குவது நடைமுறையில் கஷ்டம். இருபது வெள்ளி மிச்சத்துக்காக அந்த வழிக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து.

கடை மறுத்தால் ஐந்து வெள்ளி போதும்

எங்கள் கதைக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்ததும் அக்கா மகளை மவுஸை மேசையில் வைக்கச் சொல்லி, கையும் திரையும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரே வீடியோ எடுத்தேன். அவள் மெதுவாக, எண்ணி எண்ணி, இருபது முறை அழுத்தினாள். எட்டு முறை கோப்புறை தானாகத் திறந்தது. அப்புறம் மலாய் மொழியில் அரைப் பக்கக் கடிதம் எழுதினோம். வாங்கிய தேதி, விலை, பழுது என்ன, சட்டப் பிரிவு 32, 14 நாளுக்குள் மாற்றித் தராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போவோம். குரலை உயர்த்தவும் இல்லை, யாரையும் திட்டவும் இல்லை. ஒன்பதாம் நாள் கடையிலிருந்து அழைத்து, புது மவுஸ் கொடுத்தார்கள்.

கொடுக்காமல் இருந்திருந்தால் அடுத்த படி மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம். மலாயில் சுருக்கமாக டி.டி.பி.எம். இது உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்குகிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை இங்கே கொண்டு வரலாம். 2019 வரை இந்த வரம்பு 25,000 வெள்ளியாகத்தான் இருந்தது. மவுஸ் என்ன, வீட்டுக்கு வாங்கிய தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி எல்லாமே இதற்குள் அடங்கிவிடும்.

போராங் 1 என்ற பாரத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும், இணையம் வழியாகவும் முடியும். கட்டணம் 5 வெள்ளி. பாரத்தில் உங்கள் விவரம், எதிர்த்தரப்பின் பதிவுப் பெயர், முகவரி, கேட்கும் தொகை, நடந்தது என்ன என்ற சுருக்கம். அலுவலக முத்திரை விழுந்த படியைக் கடைக்கு நேரிலோ பதிவுத் தபாலிலோ சேர்ப்பது உங்கள் பொறுப்பு. தபால் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கடைக்காரர் போராங் 2இல் பதில் கொடுக்க 14 நாள். பிறகு விசாரணைத் தேதி வரும்.

இங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. பெரிய நிறுவனமானாலும் வக்கீலைக் கூட்டிவந்து சட்ட மொழியில் உங்களை மடக்க முடியாது, அவர்கள் ஊழியர் ஒருவர்தான் வந்து பேச வேண்டும். நீங்களும் உங்கள் கதையை நீங்களே சொல்லலாம். தலைவர் முதலில் இரு தரப்பையும் பேசித் தீர்க்க வைக்கப் பார்ப்பார். முடியாவிட்டால் விசாரித்துத் தீர்ப்பு. முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாளுக்குள், இயன்றவரை, முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தீர்ப்புக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவின் பலம் உண்டு. 14 நாளுக்குள் கீழ்ப்படியாதவருக்கு அபராதம், சிறை வரை போகலாம்.

விசாரணை நாளில் பழுதான பொருளையே கையோடு எடுத்துப் போங்கள். அதோடு ரசீது, பெட்டி, வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப்படி, வீடியோ, நீங்கள் அனுப்பிய கடிதம். போகாமல் இருந்துவிடாதீர்கள், உங்கள் கோரிக்கை தள்ளுபடியாகலாம்.

பாரம் நிரப்பத் தயங்குபவர்கள், மலாயில் எழுதத் தடுமாறும் பெரியவர்கள், பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போகலாம். 1969 முதல் இயங்கும் சங்கம், தமிழில் பேசிப் புகார் கொடுக்கலாம். அமைச்சின் இலவச எண் 1-800-886-800. போலிப் பொருளை அசல் என்று விற்றார்கள், முத்திரை இல்லாத சார்ஜர் விற்கிறார்கள் என்றால், அது உங்கள் பணம் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. தீர்ப்பாயத்துக்குக் காத்திருக்காமல் முதலில் அமைச்சுக்குத் தெரிவியுங்கள்.

தீர்ப்பாயத்துக்குப் போக உரிமை பிறந்த நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம் உண்டு. வீட்டு அலமாரியில், பழுதாகி, "போனால் போகுது" என்று ஒதுக்கி வைத்த பொருள் ஏதாவது இருந்தால் ரசீதைத் தேடி எடுத்துத் தேதியைப் பாருங்கள்.