மீன் வெட்டிய பலகை எப்போது சுத்தமாகிறது?

சுன்னாகத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: “எங்கள் குசினியில் மாமி காலத்து வேப்பமரப் பலகையில்தான் மீனும் மரக்கறியும் வெட்டுகிறோம். மரம் கிருமியை உறிஞ்சி வைத்திருக்கும், பிளாஸ்ரிக் பலகைதான் நல்லது என்கிறார்கள். இந்த வெயிலுக்கு அதை எறிந்துவிட வேண்டுமா?” மரம் உறிஞ்சும் என்பது உண்மைதான். உறிஞ்சப்பட்ட பற்றீரியாவுக்கு உள்ளே என்ன நேர்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

வெப்பத்தின் பங்கை முதலில் பார்த்துவிடலாம். உணவை நஞ்சாக்கும் பற்றீரியாக்களில் பெரும்பாலானவை 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையில் பெருகுகின்றன. சித்திரை, வைகாசியில் யாழ்ப்பாணத்து நண்பகல் 32 பாகையைத் தாண்டுவது வழமை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒரேயொரு பற்றீரியா, ஈரமும் உணவும் குறையாமல் கிடைத்தால், 6 மணி நேரத்தில் 262,144 ஆகிவிடும். கடல்மீனோடு வரும் விப்ரியோ பராஹீமோலிற்றிக்கஸ் இன்னும் வேகமானது. வாய்ப்பான சூழலில் ஏறத்தாழ 10 நிமிடத்தில் இரட்டிக்கும். 1950 இல் யப்பானின் ஒசாகாவில், அவித்து அரைகுறையாக உலர்த்திய மீன்குஞ்சுகளை உண்ட 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தபோதுதான் அது முதன்முதலில் இனங்காணப்பட்டது. குழம்பில் நன்றாகக் கொதித்த மீனில் இவை பிழைப்பதில்லை. ஆபத்து, விளைமீன் வெட்டிய அதே கத்தியால் அதே பலகையில் அடுத்ததாக அரியப்படும் வல்லாரையில் இருக்கிறது. சம்பல் அடுப்பைக் காண்பதேயில்லை.

பலகையில் தேசிக்காய்ப் பாதியைத் தேய்த்து, சிறிது மஞ்சளும் பூசிக் கழுவினால் போதும் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. மீன் வெடுக்குக்கு முக்கிய காரணமான திரைமெதைல் அமைன் எளிதில் ஆவியாவதால் மூக்கை எட்டுகிறது. தேசிப்புளியின் சித்திரிக்கமிலம் அதோடு சேர்ந்ததும் அது ஆவியாகாத உப்பாக மாறிவிடுகிறது. வெடுக்குப் போய்விட்டது, ஆனால் பற்றீரியா போய்விட்டது என்று அதற்குப் பொருளில்லை. சில விநாடித் தேய்ப்பு கீறல்களுக்குள் இருப்பவற்றை ஒழிக்காது. மஞ்சளின் கிருமியெதிர்ப்புக்குக் காரணமாகச் சொல்லப்படும் குர்க்குமின் என்ற மஞ்சள் நிறப்பொருளோ நீரில் கரைவதேயில்லை எனலாம். எவ்வளவு பழைய வழக்கமாக இருந்தாலும், பலகையைக் காக்கும் பொறுப்பை மஞ்சளிடம் ஒப்படைப்பது வெறும் நம்பிக்கையே என்பதை நான் தயங்காமல் சொல்வேன். ஏனெனில் வயிற்றோட்டத்தில் முதலில் துவண்டுபோகிறவர்கள் வீட்டிலுள்ள குழந்தைகளும் முதியவர்களும்தான்.

இனி மரத்துக்கு வருவோம். வேம்போ பலாவோ, உயிரோடு நின்ற காலத்தில் வேரிலிருந்து இலைவரை நீரை ஏற்றிய நுண்குழாய்களின் கட்டுத்தான் நம் பலகை. காழ்க்கலன் என்று பாடசாலையில் படித்தது இதைத்தான். மரம் வெட்டப்பட்டுப் பல ஆண்டுகள் சென்றாலும் அக்குழாய்களின் செலுலோசுச் சுவர்கள் நீரைப் பற்றிக்கொள்ளும் இயல்பை இழப்பதில்லை. மீனின் ஈரம் பட்டதும், மண்ணெண்ணெய் விளக்கின் திரி எண்ணெயை இழுப்பதுபோல, அந்தப் பற்றுவிசையும் நீரின் மேற்பரப்பிழுவிசையும் சேர்ந்து துளியை உள்ளே இழுக்கின்றன. துளியில் மிதக்கும் பற்றீரியாவும் கூடவே போகிறது. இதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பலகை உலரும்போது நீர் மட்டுமே ஆவியாகி வெளியேறுகிறது. பற்றீரியா குழாய்ச்சுவரில் ஒட்டியபடி உள்ளேயே தங்கிவிடுகிறது. அதைச் சூழ்ந்த நீர்ப்படலம் மெலிய மெலிய, எஞ்சிய நீரில் உப்பின் செறிவு ஏறுகிறது. பற்றீரியாவின் உடலுக்குள் இருக்கும் நீர் பிரசாரணத்தால், அதாவது உப்புச் செறிவு கூடிய பக்கத்துக்கு நீர் நகரும் இயல்பால், வெளியே கசிகிறது. உலர்ந்த மரச்சுவர் அந்த நீரையும் வாங்கிக்கொள்கிறது. பெருகுவதற்கு நீரில்லாத நிலையில் அது அங்கேயே படிப்படியாக மடிகிறது.

அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவரின் ஆய்வுக்குழு, மரப்பலகையைப் பிளாஸ்ரிக் அளவுக்குப் பாதுகாப்பாக்கும் வழியைத் தேடித்தான் சோதனைகளைத் தொடங்கியது. 1994 இல் வெளியான முடிவுகள் எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தன. மரத்தில் இட்ட சல்மனெல்லா போன்ற பற்றீரியாக்கள் சில நிமிடங்களில் மேற்பரப்பில் பெரிதும் குறைந்தன. உள்ளே போனவை பெருகவில்லை. புதிய பிளாஸ்ரிக் எளிதில் சுத்தமானது. கத்திக் கீறல் விழுந்த பழைய பிளாஸ்ரிக்கையோ, கோழிக் கொழுப்புப் படிந்த நிலையில், கையால் கழுவிச் சுத்தமாக்குவது நடைமுறைக்கு ஒவ்வாததாக இருந்தது. நம் வேம்பையும் பலாவையும் முதிரையையும் இவ்வாறு சோதிக்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. ஆய்வு நிதியில் ஒரு சிறு பங்கு இத்தகைய குசினி வினாக்களைக் கையிலெடுக்கும் மாணவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் ஓயாமல் ஈரமாகக் கிடக்கும் பலகையில் இழுப்பதற்கு வெற்றுக் குழாய் இல்லை. கொழுப்பு ஊறிய பலகையிலும் அப்படியே. ஆகவே அதைச் சட்டிகளோடு தண்ணீரில் ஊறப்போடாமல், கழுவியவுடன் இரு பக்கமும் காற்றுப்படும்படி நிமிர்த்தி வைக்க வேண்டும். மேலோட்டமான கீறல்களைத் தச்சரிடம் கொடுத்துச் சீவுளியால் இழைப்பித்துக்கொள்ளலாம். ஆழமாக வெடித்த பலகை விறகுக்குத்தான். மீனுக்கும் இறைச்சிக்கும் ஒன்று, பச்சையாக உண்பவற்றுக்கு ஒன்று என இரண்டு வைத்திருப்பது எந்தப் பலகையானாலும் நல்லது.

உருக்குக் கத்தி எதையும் உறிஞ்சாது. கழுவாவிட்டால் எல்லாம் மேலேயே இருக்கும். அதன் பலவீனமான இடம், அலகு மரப்பிடிக்குள் நுழையும் பொருத்து. பழைய கத்தியின் அந்த இடுக்கை ஈர்க்கால் சுரண்டினால் கறுத்த பசை வருவதைக் காணலாம். திருவலையின் பற்களுக்கிடையே சிக்கிக் காயும் தேங்காய்ப்பூவும் அத்தகையதே. அதற்குப் பழைய பற்தூரிகை ஒன்றை ஒதுக்கி வைக்கலாம்.

கழுவும்போது முதலில் பச்சைத்தண்ணீர். எடுத்தவுடன் கொதிநீரை ஊற்றினால் மீன் இரத்தத்தின் புரதம் திரண்டு ஒட்டிக்கொள்ளும். நம் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத படிவாகிவிடுவதால், பாத்திரம் கழுவும் திரவமே நன்றாக வேலை செய்யும். அதன்பின் கொதிநீர் ஊற்றலாம். கோழி வெட்டிய நாளில், வாசனை சேர்க்காத 5 வீதச் சோடியம் ஐப்போகுளோரைற்றுத் திரவத்தில் (குளோரீன் வெளிற்றும் திரவம்) ஒரு மேசைக்கரண்டியை 4 லீற்றர் நீரில் கலந்து, சில நிமிடம் பலகையில் நிற்கவிட்டு அலசி உலர்த்தலாம். குளோரீன் கரைசலைக் கழுவாத பலகையில் ஊற்றுவது வீண். ஒட்டியிருக்கும் செதிலோடும் கொழுப்போடும் தாக்கம் புரிந்தே அது தீர்ந்துவிடும்.