உள்ளே டியூப் போட்டால் கிழிந்த டயர் சுகமாகிவிடாது

போன வெள்ளிக்கிழமை, என் டயர்க் கடையைச் சாத்தும் நேரம். பதுளை வீதியால் ஒரு தம்பி மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மட்டக்களப்புச் செங்கலடிச் சந்திப் பக்கம் வந்தார். பக்கத்தில் மனைவி, அவர் இடுப்பில் குழந்தை. பின்சில்லில் காற்றே இல்லை.

"அண்ணே, டியூப்லெஸ்தான். போன மாசம் ஒரு இடத்தில உள்ளுக்கு டியூப் போட்டுத் தந்தாங்க. அது திரும்பவும் போயிற்று. இன்னொரு டியூப் போட்டுத் தாங்க."

டியூப்லெஸ் என்றால் உள்ளே டியூப் இல்லாமல் டயரே காற்றைப் பிடித்து வைக்கும் வகை. கழற்றிப் பார்த்தேன். டயரின் பக்கச் சுவரில், ரிம்மிலிருந்து இரண்டு விரல் மேலே, கட்டைவிரல் நீளத்தில் ஒரு வெட்டு. அதற்கு உட்புறமாகப் பழைய டயர்த் துண்டொன்றை வைத்து, மேலே டியூபை அடைத்து, காற்றை இறுக்கி அனுப்பியிருக்கிறார்கள். துண்டு நகர்ந்துவிட்டது. டியூப் வெட்டுக்குள் பிதுங்கி, விளிம்பில் உரசி உரசி, கடுதாசி போல் மெலிந்து கிழிந்திருந்தது. குழந்தையைப் பெற்றோல் தாங்கியின் மேல் இருத்தித்தான் ஓட்டி வந்தாராம்.

இந்த மாதத்தில் என் கைக்கு வந்த நாலாவது டயர் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

"காற்று நின்றால் டயர் நல்லது" என்று யார் சொல்லிக்கொடுத்ததோ தெரியவில்லை. டியூப் போட்டால், காற்றைப் பிடித்து வைப்பது மட்டும்தான் அதன் வேலை. அந்தக் காற்றின் அழுத்தத்தையும் வண்டியின் பாரத்தையும் தாங்கிப் பிடிப்பது டயருக்குள் பின்னியிருக்கும் நூல். அந்த நூல் அறுந்தால் ரப்பர் மட்டும் நின்று பிடிக்காது. நெல் மூட்டையின் சாக்கு ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. உள்ளே ஒரு பொலித்தீன் பையை வைத்து, அதில் நெல்லைக் கொட்டி, தோளில் தூக்குவீர்களா? நெல் சிந்தாது என்பது உண்மை. தூக்கிய பிறகு என்ன நடக்கும் என்பது வயல் நிறைந்த எங்கள் படுவான்கரையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

டயரின் நடுப்பகுதி தடிப்பானது. பக்கச் சுவர் மெல்லியது, ஒவ்வொரு சுற்றுக்கும் மடிந்து நிமிர்வது. 17 அங்குலச் சில்லு ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 500 தடவை சுற்றும். பத்துக் கிலோமீற்றர் போனால் அந்த வெட்டு 5,000 தடவை மடிகிறது. எந்தப் பசை தாங்கும்? பக்கச் சுவரில் ஓட்டையோ வெட்டோ வந்தால், டயர் நேற்று வாங்கியதானாலும் மாற்றத்தான் வேண்டும். தோள் என்று சொல்கிற வளைவுப் பகுதிக்கும் இதே சட்டம்தான்.

சரி, எதை ஒட்டலாம்? தரையில் படும் நடுப்பகுதியில் ஆணி ஏறியிருக்கிறது, துளை 6 மில்லிமீற்றருக்குள் என்றால் தாராளமாக ஒட்டலாம். வெளியிலிருந்து ஊசியால் குத்தி ஏற்றும் ரப்பர்த் திரி வீடு போய்ச் சேருவதற்கு. டயரைக் கழற்றி உட்புறம் சுரண்டி, காளான் மாதிரித் தண்டு வைத்த ஒட்டைப் போடுவதுதான் முறையான வேலை. நேரம் பிடிக்கும், திரியை விடக் காசும் கூடும். "திரியே ஆறு மாசம் நிண்டது அண்ணே" என்பார்கள். நிற்கும். நிற்காத அன்றைக்கு நீங்கள் கல்லடிப் பாலத்தில் பஸ்ஸுக்கு முன்னால் இருக்கக்கூடும்.

அடுத்தது, காற்றுப் போன பிறகும் ஓட்டி வருகிறவர்கள். "ஒள்ளுப்பம் தூரம்தான் ஓடினது" என்பார்கள். உள்ளே கையை விட்டுத் தடவினால் மைபோலக் கறுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வரும். அது டயரின் சதை. ரிம்முக்கும் ரோட்டுக்கும் இடையில் நசிந்து உட்சுவர் அரைபட்டிருக்கிறது. வெளியே பார்த்தால் புத்தம் புதிது, உள்ளே முடிந்த கதை. இந்தத் தூளைக் காட்டாமல் ஒட்டுப் போட்டுத் தருகிறவரிடம் இன்னொரு முறை போகாதீர்கள். டியூப் டயரானால் வால்வின் அடி கிழிந்துவிடும். அதை யாராலும் ஒட்ட முடியாது.

டயர் விற்கத்தான் இப்படிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கோபமில்லை. 2022இல் ரூபாய் விழுந்தபோது டயர் விலை எங்கே போனது என்று எனக்குத் தெரியும். நானும் வாங்கித்தானே விற்கிறேன். அந்த நாட்களில் மொட்டை டயருக்குக்கூட ஒட்டுக் கேட்டு வந்தார்கள், நானும் மனமில்லாமல் சிலதைச் செய்துகொடுத்தேன். ஆனால் ஒரு ஆணி ஏறிய புது டயரை மாற்றச் சொல்லி உங்களிடம் காசு வாங்குகிறவனும் உண்டு. அதற்கும் ஏமாறாதீர்கள். துளை எங்கே என்று கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

டியூப் வைத்த வண்டிக்காரருக்கு: ஒட்டிய டியூபைத் திரும்பப் போடுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் முழுச் சுற்றும் துடைக்கச் சொல்லுங்கள். துணி எங்கே இழுபடுகிறதோ அங்கே முள் இருக்கிறது. அதே முள் அதே டியூபை அன்றைக்கே மறுபடி குத்தி, இரண்டாம் ஒட்டுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். மூன்று ஒட்டு விழுந்த டியூபை விட்டுவிடுங்கள். மாரியில் இன்னும் கவனம், ஈரமான ரப்பரைக் கல்லும் கம்பியும் சுலபமாக வெட்டும். காற்றைக் காலையில், சில்லு சூடாகுமுன் பாருங்கள். எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள், பல வண்டிகளில் செயின் கவரிலேயே ஒட்டியிருக்கிறது. புது டயர் வாங்கும்போது அதன் பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கத்தை வாசியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பழையதைப் புதிய விலைக்கு வாங்காதீர்கள்.

அந்தத் தம்பி கையில் அன்றைக்குக் காசு போதவில்லை. புது டயரைப் போட்டு, மிச்சத்தை வேளாண்மை வெட்டு முடியத் தரச் சொன்னேன். போகும்போது பழைய டயரையும் கட்டித் தரச் சொன்னார். "மச்சானுக்கு உதவும் அண்ணே, அவன் வயலுக்குத்தான் ஓடுறவன்."

கத்தியை எடுத்து, அந்த வெட்டிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு இன்னும் கீறிவிட்டுத்தான் கொடுத்தேன்.