ஸ்மார்ட் ட்ரொலி வாங்க நினைக்கும் கடை முதலாளிமாருக்கு

யாழ்ப்பாணக் கடைகளுக்கு பில் மெஷினும் மின்தராசும் பூட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். அண்மைக்காலமாக முதலாளிமார் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: சாமானைப் போடப் போடத் தானே பில் போடுகிற ட்ரொலி எங்கட கடைக்குச் சரிவருமா? திருநெல்வேலிப் பக்கம் ஒரு கடைக்காரர் மாதிரிக்கு இறக்கிய ட்ரொலியைச் சோதித்துப் பார்க்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. அதில் கண்டதை வைத்தே இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டில் இது புதுச் சாமான் இல்லை. அமேசான் டாஷ் கார்ட் என்ற தன் ஸ்மார்ட் ட்ரொலியை 2020இல் அறிமுகப்படுத்தியது. கேப்பர் என்ற ட்ரொலி நிறுவனத்தை 2021இல், வீட்டுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் அமெரிக்க நிறுவனமான இன்ஸ்டாகார்ட் 350 மில்லியன் டொலருக்கு வாங்கியது. கூரை முழுக்கக் கமரா பூட்டி, கஷியரே இல்லாமல் வெளியேற விடும் முறையைத் தன் அமெரிக்க ஃப்ரெஷ் பலசரக்குக் கடைகளிலிருந்து எடுப்பதாக 2024இல் அறிவித்த அமேசான், அந்த இடத்துக்குக் கொண்டுவந்ததும் ட்ரொலியைத்தான். ஆகவே தொழில்நுட்பத்தில் சத்தில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை எப்படிச் சோதிக்கிறோம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ட்ரொலியின் கைபிடிப் பக்கம் ஒரு திரையும் ஸ்கானரும் இருக்கும். கூடையைப் பார்த்தபடி கமரா. கூடைக்கு அடியில் லோட் செல், அதாவது உங்கள் மேசைத் தராசுக்குள் இருக்கும் அதே உறுப்பு. சாமானை ஸ்கான் பண்ணிக் கூடைக்குள் வைத்ததும், கூடின நிறையைக் கணினியில் பதிந்த நிறையோடு அது ஒப்பிடும். ஒத்துப்போனால் பில்லில் ஏறும். ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்து சத்தம் போடும்.

விற்க வருகிறவர் பிஸ்கட், சவர்க்காரம், டின்மீன் என்று எடுத்துக் காட்டுவார். எல்லாம் தொழிற்சாலையில் ஒரே நிறையில் வந்தவை, இலங்கையின் 479இல் தொடங்கும் பார்கோட் பளிச்சென்று அச்சிட்டவை. ஒரு தடங்கலும் வராது. நான் எங்கள் ஆட்கள் வெள்ளிக்கிழமை வாங்குகிற சாமானை எடுத்து வைத்தேன்: கீரைப்பிடி, முருங்கைக்காய், ஒரு சீப்புக் கதலி, ஒடியல்மா, பனங்கட்டிக் குட்டான். குட்டானில் பார்கோட் இல்லை. ஒன்றின் நிறை மற்றதற்கு வராது. வாடாமலிருக்கக் கீரைக்குத் தெளித்த தண்ணீர் கம்பிக் கூடையால் வடிய வடிய நிறை குறைந்தது. ஏதோ சாமானை வெளியே எடுத்துவிட்டேன் என்று ட்ரொலி கணக்குப் போட்டது.

அன்றைக்கே ஒரு வயதான அம்மா ஆசையோடு அதைத் தள்ளிப் பார்த்தார். கைப்பையையும் குடையையும் கூடைக்குள் வைத்தார். உடனே சிவப்பு விளக்கு, கூடவே சத்தம். அக்கம்பக்கம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் ஒண்டும் எடுக்கேல்லையே தம்பி" என்று சொல்லிக்கொண்டே, ஸ்கான் பண்ணி வைத்திருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் திருப்பி வைக்கத் தொடங்கினார். அவரை யாரும் குற்றம் சொல்லவில்லை, ஆனால் மெஷின் சொல்லிவிட்டது. ஆளை ஆள் தெரிந்த ஊரில் இது சின்ன விஷயமில்லை. அந்த வாடிக்கையாளர் சண்டை பிடிக்கமாட்டார். அடுத்த கிழமை பக்கத்துக் கடைக்குப் போவார்.

இதைத் திருத்த முடியாதா என்று முதலாளி கேட்டார். ஓரளவுக்கு முடியும். எவ்வளவு கிராம் வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்வது என்று மென்பொருளில் ஒரு எல்லை வைக்கலாம். ஆனால் ஆலையில் கட்டிய ஐந்து கிலோ அரிசிப் பை சரியாக ஐந்து கிலோ நிற்பது அபூர்வம். முப்பது நாற்பது கிராம் கூடக் குறைய இருக்கும். ஏலக்காய்ப் பைக்கற்றோ பத்துக் கிராம். எல்லையை ஐம்பது கிராமுக்கு வைத்தால் அரிசிக்காரர் தப்புவார், அரிசியோடு சேர்த்து வைத்த ஏலக்காய் கணக்கில் வராது. ஐந்து கிராமுக்கு இறுக்கினால் அரிசி வாங்கிய நேர்மையான ஆள் மறிக்கப்படுவார். கமரா கொஞ்சம் உதவும், ஆனால் அரிசிப் பைக்கு அடியில் கிடப்பது கமராவுக்கும் தெரியாது. எந்தப் பக்கம் சாய்வது என்பது முதலாளி எடுக்க வேண்டிய முடிவு. அதை விற்பனைக்காரரின் பொடியனிடம் விடக்கூடாது. என்னைக் கேட்டால், ஏலக்காய் போனாலும் பரவாயில்லை.

ஆகவே சோதனையில் நீங்கள் முதலில் எழுதி வைக்க வேண்டிய இலக்கம், எத்தனை களவு பிடிபட்டது என்பதல்ல. நூறு பில்லில் எத்தனை பேர் காரணமில்லாமல் மறிக்கப்பட்டார்கள் என்பதே. உங்கள் கணினியில் போன மாதப் பில்கள் கிடக்கும். வெள்ளிக்கிழமையில் கொஞ்சம், சம்பள நாளில் கொஞ்சம், பொங்கலுக்கு முதல்நாள் பில் இருந்தால் அதிலும் கொஞ்சம் எடுத்து, அதே சாமான்களை அதே ஒழுங்கில் கூடைக்குள் போட்டுப் பாருங்கள். தள்ளுவது கடைப் பொடியன்களாக இருக்கக் கூடாது. கைபிடியில் பாரம் கொடுத்து நடக்கும் வயதானவர்கள், இடுப்பில் பிள்ளையோடு வரும் தாய்மார், கண்ணாடி கொண்டுவர மறந்தவர்கள் தள்ள வேண்டும்.

வாசலில் சரிவு இருந்தால் அங்கேயும் நிறுத்திப் பாருங்கள், சரிவில் லோட் செல் நிறையைக் குறைத்துக் காட்டும். ஏசியிலிருந்து வெயிலுக்குக் கொண்டுபோனால் வெறுங்கூடையின் பூச்சியம் நகர்கிறதா என்று கவனியுங்கள். பாதி பில்லில் வைஃபையை நிறுத்துங்கள். கரண்ட் போய் ஜெனரேற்றர் பிடிக்கும் இடைவெளியில் நடக்கப்போவது அதுதான். ட்ரொலிக்குப் பற்றரி இருந்தாலும் ரவுட்டர் செத்துவிடும்.

சத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள். ஒத்துப்போகாத இடத்தில் ஊழியரின் கைபேசிக்கு மட்டும் தகவல் போனால் போதும். திரையில் "கொஞ்சம் பொறுங்கோ, உதவிக்கு ஆள் வாறார்" என்று பெரிய எழுத்தில் தமிழில் வரட்டும்.

சட்டமும் இருக்கிறது. காய்கறியை நிறுத்து விலை போடும் ட்ரொலி என்றால் அது வியாபாரத் தராசு. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி, அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் முத்திரை அதற்கும் வேண்டும். இறக்குமதி செய்வதற்கு முதலே திணைக்களத்தில் விசாரியுங்கள். கமரா ஆட்களின் முகத்தையும் பதிகிறதா, அந்தப் படம் எங்கே போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தொடும். தட்டில் ஒரு விலை, திரையில் வேறு விலை என்றால் வாடிக்கையாளர் 1977க்கு அழைத்துப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடலாம். அப்போது பதில் சொல்லப்போவது கடைக்காரர், ட்ரொலி விற்றவர் இல்லை.

ஒரு மாதமாவது சொந்தக் கடையில் ஓட்டிப் பார்க்கத் தரச் சொல்லுங்கள். அந்த மாதம் கஷியர் பிள்ளைகள் ஒருவரையும் வேலையால் நிறுத்தவேண்டாம். காரணமில்லாமல் மறிக்கப்பட்ட ஒவ்வொருவரையும், என்ன சாமானால் என்று ஒரு கொப்பியில் அந்தக் கஷியர் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். அந்தக் கொப்பியைப் பார்க்கும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள்.