ஐந்தெழுத்துச் சொல்லில் ஒலிக்காத அந்த ஓர் எழுத்து

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கில டிக்டேஷன் நோட்டைப் புரட்டினால் ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்-ஐ-எஃப்-இ என்று இருக்கும். முன்னால் நிற்க வேண்டிய கே இருக்காது. மணிக்கட்டாகிய 'ரிஸ்ட்' டபிள்யூவை இழந்திருக்கும். கட்டைவிரலாகிய 'தம்' கடைசி பி இல்லாமல் முடிந்திருக்கும். இது கவனக்குறைவு அல்ல. காதில் விழுந்ததை எழுதினால் பெரும்பாலும் சரியாக வந்துவிடும் தமிழில் பழகிய பிள்ளை, ஆங்கிலத்திலும் அதையே செய்திருக்கிறது.

இதற்குத் தண்டனையாகப் பத்து முறை எழுதச் சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்: முதலில் கே மட்டும் பத்து வரியிலும் மேலிருந்து கீழே இறங்கும், அடுத்து என், அடுத்து ஐ. சொல் ஒருமுறைகூட முழுதாக மனதில் உருவாவதில்லை. இன்னொரு பழக்கம், ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே உச்சரிப்பைத் தமிழில் எழுதித் தருவது. பிள்ளையின் கண் அந்தத் தமிழ் வரியில்தான் நிற்கும். எழுதும்போது அதிலிருந்துதான் திரும்ப ஆங்கிலத்துக்குப் போகும். கே தொலைவது அங்கேதான்.

இந்த ஊமை எழுத்துகள் கண்ட இடத்தில் நிற்பவை அல்ல. சொல்லின் தொடக்கத்தில் கே-யும் என்-னும் சேர்ந்து வந்தால் கே ஒலிக்காது. 'நாக்' கதவைத் தட்டுவது, 'நீல்' மண்டியிடுவது, 'நீட்' மாவு பிசைவது, 'நேக்' ஒரு வேலையின் லாவகம். எல்லாமே ஐந்தெழுத்து, எல்லாம் கே-என் தொடக்கம். ஒரு காலத்தில் ஆங்கிலேயர் அந்தக் கே-யை வாய்விட்டுச் சொன்னார்கள். முழங்காலை ஜெர்மானியர் இன்றும் 'க்னீ' என்றே சொல்கிறார்கள். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் வைத்த பிறகு எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல உறைந்தது. உச்சரிப்போ மாறிக்கொண்டே போனது.

டபிள்யூ-ஆர் குடும்பம் இன்னும் சுவையானது. துணியை முறுக்கிப் பிழிவது 'ரிங்'. திரும்பி வளையும் மூட்டு 'ரிஸ்ட்'. தவறு என்னும் 'ராங்' முதலில் கோணலானது என்றே பொருள்பட்டது. ஐந்தெழுத்தைத் தாண்டினால் ஸ்பேனராகிய 'ரெஞ்ச்', மலர்வளையமாகிய 'ரீத்'. எல்லாவற்றிலும் ஒரு முறுக்கு, ஒரு திருகல். கையால் துணி பிழிவது போல் காட்டிக்கொண்டே சொல்லித் தந்தால் டபிள்யூ மறக்காது. எழுதுவதைக் குறிக்கும் 'ரைட்' இந்தக் கூட்டத்தில் சேராது. அதன் பழைய பொருள் கீறுவது. ஓலையில் எழுத்தாணி கீறியதை அறிந்த நமக்கு அதை நினைவில் வைப்பது எளிது.

எம்-பி கடைசியில் வந்தால் பி ஒலிக்காது. 'கிளைம்' ஏறுவது, 'கிரம்' ரொட்டித் துணுக்கு, 'பிளம்' கொத்தனாரின் தூக்குக்குண்டு. ஈயத்தின் லத்தீன் பெயரான 'பிளம்பும்' என்பதிலிருந்து வந்தது அது. ஈயக் குழாய் வேலை செய்தவருக்கும் அதே வேர்தான். அவரை நாம் பிளம்பர் என்கிறோம், ஆங்கிலத்தில் 'பிளம்மர்'. ஐயமாகிய 'டவுட்' சொல்லில் பி முதலில் கிடையாது. பிரெஞ்சிலிருந்து பி இல்லாமல் வந்த சொல்லுக்கு, லத்தீன் மூலத்தைக் காட்டப் பின்னால் அறிஞர்கள் செருகியது.

'லைட்', 'நைட்', 'ஃபைட்' போன்றவற்றில் ஜி-எச்-டி என்ற வரிசையை ஒரே துண்டாகச் சொல்லிப் பழக்கினால் போதும். எச்-ஜி என்று புரட்டிப் போடுவதுதான் அங்கே வழக்கமான பிழை.

பயிற்சிக்கு நாளுக்கு மூன்று சொல், ஐந்து நிமிடம். மூன்றும் ஒரே குடும்பமாக இருக்கட்டும். முதல் நாளே கே-என், டபிள்யூ-ஆர் இரண்டையும் கலக்க வேண்டாம். சொல்லைப் பார்த்து, எழுத்தெழுத்தாக வாய்விட்டுச் சொல்லி, ஊமை எழுத்தை வட்டமிட வேண்டும். பிறகு மூடிவைத்து, பார்க்காமல் ஒரே மூச்சில் முழுச் சொல்லாக எழுத வேண்டும். திறந்து பார்த்துப் பிள்ளையே திருத்தட்டும். தவறினால் சொல் முழுவதையும் அடிக்காதீர்கள். விடுபட்ட எழுத்தை மட்டும் வேறு நிறத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் மீண்டும் கேளுங்கள்.

கேட்கும்போது தனிச் சொல்லாகச் சொல்லாமல் சிறு வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள். மாவு பிசையும் 'நீட்', தேவையைக் குறிக்கும் 'நீட்' இரண்டும் காதுக்கு ஒன்றே. துணி பிழியும் 'ரிங்', மோதிரமாகிய 'ரிங்' இரண்டும் அப்படியே. பொருள் தெரியாமல் எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை இங்கே மாற்றி எழுதும். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால், கணினியின் எழுத்துப்பிழை திருத்தி பல நேரங்களில் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.