மன்னிப்பு: பொறுப்பதும் விடுவதும்

இயேசு கற்றுத்தந்த 'கர்த்தருடைய ஜெபம்' என்ற ஒரே ஜெபத்தைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இரண்டு விதமாகச் சொல்லி வளர்ந்திருக்கிறோம். புராட்டஸ்டண்ட் சபைகளில், "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." கத்தோலிக்க வீடுகளில் பழைய தலைமுறை சொன்னது, "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்." ஒன்றில் மன்னித்தல், இன்னொன்றில் பொறுத்தல். சின்ன வயதில் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. வேதாகமத்தின் மூல மொழிகளின் சொற்களை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்ட பிறகுதான், இவை இரண்டும் இரண்டு வேலைகள் என்று புரிந்தது.

முதலில் 'மன்னிப்பு' என்ற சொல். இது உருதுச் சொல், தமிழில் சொல்லக் கூடாது, 'பொறுத்துக்கொள்க' என்றுதான் சொல்லவேண்டும் என்று ஒரு செய்தி அடிக்கடி சுற்றுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உருதுவில் உள்ளது 'மாஃப்', 'மாஃபி'. அவை அரபியிலிருந்து வந்தவை. அந்தச் சொல் தமிழுக்கும் வந்திருக்கிறது, ஆனால் வந்த உருவம் 'மாப்பு'. "அவன் வந்து மாப்பு கேட்டான்" என்று இன்றும் பேச்சில் கேட்கலாம். 'மாஃப்' என்பதிலிருந்து 'மன்னி' என்ற வினை பிறக்க ஒலி வழியே இல்லை.

'மன்னி'யின் உறவினர்கள் பக்கத்து வீடுகளில் இருக்கிறார்கள். கன்னடத்தில் மன்னிசு, தெலுங்கில் மன்னிஞ்சு. இரண்டுக்கும் மன்னித்தல் என்ற பொருளோடு மதித்தல், கௌரவித்தல் என்ற பொருளும் உண்டு. தெலுங்கில் மன்னன என்றால் மரியாதை, கன்னடத்தில் மன்னணெ என்றால் மதிப்பு. இவற்றை வடமொழியின் மானம், மான்யம் ஆகிய சொற்களோடு இணைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. பழந்தமிழில் 'மன்னுதல்' என்றால் நிலைபெறுதல். அதைப் பிழை பொறுப்பதோடு கொண்டுவந்து கட்டுவது கடினம். என் எண்ணம் இதுதான்: தவறு செய்தவனை மறுபடியும் மதிப்புள்ளவனாக நடத்துவது என்பதே இந்தச் சொல்லின் அடியில் கிடக்கும் பொருள்.

சொத்தையெல்லாம் அழித்துவிட்டு வீடு திரும்பும் மகனைப் பற்றிய, லூக்கா 15ஆம் அதிகாரத்தின் கெட்ட குமாரன் கதையை இந்த வெளிச்சத்தில் வாசித்துப் பாருங்கள். அந்தக் கதை முழுவதிலும் 'மன்னித்தேன்' என்று தகப்பன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மகன் தான் மனப்பாடம் செய்துவந்த வார்த்தைகளைச் சொல்லி முடிப்பதற்குள், உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்கிறார். கைக்கு மோதிரம், காலுக்குப் பாதரட்சை. வேலைக்காரனாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க வந்தவனுக்கு மகன் என்ற மதிப்பைத் திருப்பிக் கொடுக்கிறார். மன்னிசு, மன்னணெ, மன்னன எல்லாம் அந்த வாசலில் நிற்பதுபோல் எனக்குத் தோன்றும்.

அடுத்தது 'பொறுத்தல்'. இதன் வயதைப் பற்றி யாரும் சந்தேகப்பட வேண்டாம். கலித்தொகையின் 133ஆம் பாட்டு "பொறை எனப்படுவது போற்றாரைப் பொறுத்தல்" என்கிறது. பொறை என்றால் சுமை, பாரம். பொறுத்தல் என்றால் சுமத்தல், தாங்குதல். பிழையைப் பொறுப்பது என்றால், அந்தப் பிழையின் பாரத்தைச் செய்தவன்மேல் திருப்பி வைக்காமல் நாமே ஏற்றிக்கொள்வது. குறளின் 151ஆம் பாட்டில் தன்னைத் தோண்டுகிறவனையே நிலம் தாங்குகிறதே, அதே படம். வடமொழியிலும் க்ஷமா என்றால் பொறுமை, பூமி என்ற இரண்டு பொருளும் உண்டு. மலையாளத்திலும் தெலுங்கிலும் கர்த்தருடைய ஜெபத்தில் இந்தக் க்ஷமையிலிருந்து வரும் வினையைத்தான் வைத்திருக்கிறார்கள்.

எபிரெயத்தில் மன்னிப்புக்கு வரும் முக்கியமான சொற்களில் ஒன்று 'நாசா'. அதன் நேர்ப்பொருள் தூக்குதல், சுமத்தல். 32ஆம் சங்கீதம் "எவனுடைய மீறுதல் மன்னிக்கப்பட்டதோ" என்று தொடங்குகிறதே, அங்கே மூலத்தில் உள்ளது இந்த நாசாதான். மீறுதல் என்பதற்கு அங்கே நிற்கும் சொல் 'பெஷா'. இப்போது 152ஆம் குறளைப் பாருங்கள்: "பொறுத்தல் இறப்பினை என்றும்." இங்கே இறப்பு என்றால் சாவு என்று பொருளில்லை. வரம்பைக் கடத்தல், அதாவது மீறுதல். நாசா என்பது பொறுத்தல், பெஷா என்பது இறப்பு. எருசலேமின் பாட்டும் நம் குறளும் ஒன்றையொன்று அறியாமலே அதே இரண்டு சொற்களைச் சேர்த்துவைத்திருக்கின்றன. இதை முதன்முதலில் கவனித்த நாளில் வேறு வேலையே ஓடவில்லை எனக்கு.

ஆகவே 'பாவங்களைப் பொறுத்தருளும்' என்று ஜெபித்த பழைய கத்தோலிக்கப் பாட்டிமார்கள், தங்களுக்குத் தெரியாமலே எபிரெயத்துக்கு மிகப் பக்கத்தில் இருந்தார்கள்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் வேறு படத்தைக் கொண்டுவருகிறது. அங்கே பெரும்பாலும் வரும் சொல் 'அஃபியேமி'. 'அபோ' என்றால் அப்பால், 'ஹியேமி' என்றால் அனுப்புதல். அப்பால் அனுப்பிவிடுதல், விட்டுவிடுதல். இது ஆலயத்துக்கென்று இருந்த சொல் இல்லை, வீட்டிலும் தெருவிலும் புழங்கியது. சீமோனும் அந்திரேயாவும் "தங்கள் வலைகளை விட்டு" இயேசுவுக்குப் பின்சென்றார்களே, அங்கேயும் இதே சொல். பேதுருவின் மாமியைக் காய்ச்சல் விட்டு நீங்கியபோதும் இதே சொல். வலையை விட்டது, காய்ச்சல் விட்டது, குற்றத்தை விட்டது எல்லாம் ஒரே வினையில் அடங்குகின்றன. உபாகமம் 15 சொல்லும் ஏழாம் வருஷத்துக் கடன் விடுதலையைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்களும் இதிலிருந்து வரும் 'அஃபெசிஸ்' என்ற பெயரைத்தான் போட்டார்கள்.

ஜெபத்தில் கடன் எப்படி வந்தது என்பதற்கும் இங்கே விடை இருக்கிறது. இயேசு பேசிய அரமேயத்தில் 'ஹோபா' என்ற ஒரே சொல் கடனையும் பாவத்தையும் குறிக்கும். மத்தேயு அதைக் கடன் என்று எழுதினார். லூக்கா முதல் பாதியில் பாவம் என்று எழுதிவிட்டு, "எங்களிடத்தில் கடன்பட்ட எவனுக்கும்" என்று இரண்டாம் பாதியில் கடனையும் விடாமல் வைத்தார். நம் ஊர் ஜெபங்களில் ஒன்றில் கடனும் ஒன்றில் பாவமும் இருப்பதன் வேர் இவ்வளவு தூரம் போகிறது.

இலக்கணத்திலும் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. இன்றைக்கு நாம் "என்னை மன்னியுங்கள்" என்கிறோம். பழைய மொழிபெயர்ப்பில் "கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று இருக்கிறது. சிலுவையிலும் "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்றுதான், 'இவர்களை' என்று இல்லை. காதுக்குக் கொஞ்சம் பழசாக இருக்கலாம். ஆனால் கிரேக்கத்தின் வேற்றுமை அதேதான்: ஒருவருக்கு, ஒரு கடனை விடுவது. இந்த நான்காம் வேற்றுமை போய்விடாமல் இருந்தால் நல்லது என்று ஆசைப்படுகிறேன். 'என்னை மன்னி' என்னும்போது என் மனம் ஆறுவதுதான் முன்னால் நிற்கிறது. 'எனக்கு இந்தக் கடனை மன்னி' என்றால் என்ன கடன், எவ்வளவு என்று முதலில் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மத்தேயு 18இல் பேதுரு எத்தனை தரம் மன்னிப்பது, ஏழு தரமா என்று கேட்கிறார். "ஏழெழுபதுதரமட்டும்" என்று பதில் வருகிறது. அப்புறம் இயேசு சொல்லும் உவமை "கணக்குப்பார்க்க" உட்கார்ந்த ஒரு ராஜாவோடு தொடங்குகிறது. ஒரு வேலைக்காரன் 10,000 தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. அப்படியானால் மொத்தம் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் 2 லட்சம் வருஷம் ஆகும். ராஜா அதை விட்டுவிடுகிறார். வெளியே வந்தவன் தனக்கு 100 வெள்ளிப்பணம், அதாவது 100 நாள் கூலி தரவேண்டிய தோழனின் தொண்டையைப் பிடிக்கிறான். 100 நாள் கூலி சின்னத் தொகை இல்லை, கூலிக்காரக் குடும்பத்துக்கு அது மூன்று மாதச் சோறு. நமக்கு ஒருவர் செய்த தீங்கு ஒன்றுமில்லை என்று அந்த உவமை எங்கேயும் சொல்லவில்லை. கணக்கு எழுதப்படுகிறது, வலி வலிதான். நமக்கு விடப்பட்டதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறது, அவ்வளவே. கிறிஸ்தவ விசுவாசத்தில் மன்னிக்கிறவன் தாராள மனசுக்காரன் என்ற இடத்தில் நிற்பதில்லை. கடன் தள்ளுபடியான ஆள் என்ற இடத்தில் நிற்கிறான்.

பவுல் கொலோசெயர் 3:13இல் பொறுத்தலையும் மன்னித்தலையும் அடுத்தடுத்து வைக்கிறார்: "ஒருவரையொருவர் தாங்கி... ஒருவருக்கொருவர் மன்னியுங்கள்." தாங்குதல் என்பது ஆளை அவன் குணத்தோடு சுமப்பது. தினமும் கதவை ஓங்கிச் சாத்துகிற ஆளைப் பொறுத்துக்கொள்கிறோம், அதற்கு மன்னிப்பு என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. மன்னித்தல் என்பதற்குப் பவுல் போடும் சொல் 'கரிசோமாய்', கிருபை என்ற பொருளுள்ள 'காரிஸ்' என்பதிலிருந்து வந்தது. கிருபையாகக் கொடுத்தல். இதனால்தான் 'பொறுத்தல் மட்டுமே நல்ல தமிழ், மன்னிப்பு வேண்டாம்' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் இந்த வசனத்தைத் தமிழில் சொல்ல முடியாமல் போகும்.

இன்னொரு சொல்லையும் இங்கே பிரித்து வைக்கவேண்டும்: ஒப்புரவு. குறளில் அது ஊருக்கு உதவி வாழ்வது. தமிழ் வேதாகமத்தில் அது உறவு மறுபடி கூடுவது. "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து" என்கிறது மத்தேயு 5:24. குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதை, பாவசங்கீர்த்தனம் என்று முன்பு சொன்னதைக் கத்தோலிக்கத் திருச்சபை இன்று ஒப்புரவு அருட்சாதனம் என்கிறது. மன்னிப்பை ஒருவர் தனியாகக் கொடுக்கலாம், எதிராளி வராவிட்டாலும், செத்தே போயிருந்தாலும். ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும். அடித்தவனிடம் திரும்பிப் போய் வாழ்வதுதான் மன்னிப்பு என்று பெண்களிடம் சொல்லப்படும் ஆலோசனைகளில் இந்த இரண்டு சொற்களும் குழம்பிக் கிடக்கின்றன. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கும்.

தண்டனை என்பதும் தனிச் சொல். 1999 ஜனவரி 22 நள்ளிரவுக்குப் பின், தொழுநோயாளிகளுக்குத் தொண்டு செய்த கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய மகன்கள் பிலிப், திமோத்தியும் ஒடிசாவின் மனோகர்பூரில் வண்டிக்குள் உறங்கும்போது எரித்துக் கொல்லப்பட்டார்கள். பிள்ளைகளுக்கு வயது 10, 6. மனைவி கிளாடிஸ் கொன்றவர்களை மன்னித்ததாக வெளிப்படையாகச் சொன்னார். பாரிபடாவில் தொழுநோய் இல்லத்தின் வேலையைத் தொடர்ந்தார். வழக்கு தன் வழியில் நடந்தது, ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அவர் விட்டது தனக்கு வரவேண்டிய கடனை. நீதிமன்றத்தின் கணக்கு அவர் கையில் இல்லை.

ஒப்புரவு வரை போன கதையும் நம் நாட்டில் உண்டு. கேரளத்தைச் சேர்ந்த அருட்சகோதரி ராணி மரியா 1995 பிப்ரவரி 25 அன்று மத்தியப் பிரதேசத்தில் பேருந்துப் பயணத்தில் குத்திக் கொல்லப்பட்டார். 2002இல் அவருடைய தங்கை, அவரும் துறவிதான், சிறைக்குப் போய்க் கொலையாளியின் கையில் ராக்கி கட்டினார். பெண்கள் தங்கள் அண்ணன் தம்பிகளுக்குக் கட்டுகிற கயிறு அது.

சரி, பேச்சுத் தமிழில் அஃபியேமிக்கு என்ன சொல்? என் ஆச்சிக்கு மன்னிப்பு என்ற சொல் கோயிலுக்குள் மட்டும்தான். வீட்டில் அவர் சொன்னது வேறு. வரப்புத் தகராறில் பல வருஷம் பேசாமல் இருந்த தம்பி, இராப்போஜன ஞாயிறுக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். தாத்தா இறந்தபோதுகூட வராதவர் அவர். ஏதோ சொல்ல ஆரம்பித்தவருக்கு வார்த்தை வரவில்லை. ஆச்சி கொஞ்ச நேரம் முற்றத்தையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "போகட்டும், விடுல" என்றார்.

போகட்டும், விடு. அப்பால் அனுப்புதல், விட்டுவிடுதல். அபோவும் ஹியேமியும் சேர்ந்த அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு இதைவிட நெருக்கமான தமிழை நான் இதுவரை எந்த அகராதியிலும் பார்த்ததில்லை. 'மன்னித்துவிடு' என்று எழுதும்போதும் அந்த 'விடு' துணைவினையாக ஒட்டிக்கொண்டே வருகிறது, நாம்தான் கவனிப்பதில்லை. அன்றைக்கு ஆச்சி எழுந்து உள்ளே போய், தம்பிக்குச் சோறு போட்டார்.