நிலம் கிடையாது, நெஞ்சுக்கறி உண்டு: பண்டைய இஸ்ரவேலில் ஆசாரியரின் கடமையும் பங்கும்

பண்டைய இஸ்ரவேலில் ஒருவர் நேர்ந்துகொண்டபடி ஓர் ஆட்டைச் சமாதானபலியாகக் கொண்டுவருகிறார். அதில் யாருக்கு எது என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லாம் முன்பே எழுதிவைக்கப்பட்டிருந்தது. இரத்தம் பலிபீடத்தில் தெளிக்கப்படும். கொழுப்பும் இரண்டு குண்டிக்காயும் நெருப்புக்கு. மார்க்கண்டம், அதாவது நெஞ்சுக்கறி, பலி செலுத்தும் பணியாளர்களான ஆசாரியர்களுக்குப் பொது. வலது தொடை, அந்தப் பலியைச் செலுத்திய ஆசாரியருக்கு. மீதி, கொண்டுவந்தவர் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட. முழு மிருகமும் எரிந்துபோகும் சர்வாங்க தகனபலியில்கூட ஆசாரியர் வெறுங்கையோடு போகவில்லை. தோல் அவருக்கு.

வேதாகமத்தில் இந்த விதிகள் உள்ள நூலான லேவியராகமம் வந்ததும் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அதை ஓர் அரசாணையைப் படிக்கிற கண்ணோடு படித்தால் சுவையாகவே இருக்கிறது. பணிக்கு யார் தகுதி, வேலை என்ன, ஊதியம் என்ன, குடும்பத்தில் யாருக்குச் சாப்பாடு, யாருக்கு இல்லை என எல்லாவற்றுக்கும் அதில் விதி உண்டு.

இத்தனை நுணுக்கம் ஏன் என்றால், இவர்களுக்கு நிலம் கிடையாது. கானான் நாட்டைக் கோத்திரங்களுக்குப் பிரித்தபோது ஆசாரியர்கள் பிறந்த லேவி கோத்திரத்துக்கு மட்டும் தனிப் பங்கு ஒதுக்கவில்லை. குடியிருக்க 48 ஊர்களும் அவற்றைச் சுற்றி மேய்ச்சல் வெளியும் கிடைத்தன. அவற்றில் 13 ஊர்கள் முதல் பிரதான ஆசாரியரான ஆரோனின் வம்சத்துக்கு. உழுது பிழைக்க வழி இல்லாததால் மற்றவர்களின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு லேவியருக்கு. அந்தப் பங்கிலிருந்து பத்தில் ஒன்றை லேவியர் ஆசாரியருக்குத் தர வேண்டும். முதற்பலனும் ஆட்டின் முதல் ரோமமும் இதற்கு மேல்.

லேவியரும் ஆசாரியரும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். ஆசாரியர் எல்லோரும் லேவி கோத்திரத்தார்தான். ஆனால் அந்தக் கோத்திரத்தில் ஆரோனின் ஆண்வழியில் வந்தவர்கள் மட்டுமே பலிபீடத்தை நெருங்கலாம். எபிரேயத்தில் இவர்கள் ‘கோஹேன்’; தமிழில் பழைய வேதாகமம் ‘ஆசாரியன்’ என்கிறது, பொது மொழிபெயர்ப்பு ‘குரு’ என்கிறது. மற்ற லேவியருக்கு, ஆலயம் கட்டுவதற்கு முன் வழிபாடு நடந்த கூடாரத்தைச் சுமப்பது, காவல் காப்பது போன்ற பணிகள். ஆலயம் வந்த பிறகு பாடலும் வாசல் காவலும்.

பணி பிறப்பால் வருவதால் வம்சப் பதிவுதான் சான்றிதழ். கி.மு. 6ஆம் நூற்றாண்டில், சிறைப்பட்டுப் போயிருந்த பாபிலோனிலிருந்து திரும்பியவர்களில் ஆசாரியர் குடும்பங்கள் சில தங்கள் பெயரை வம்ச அட்டவணையில் தேடின, கிடைக்கவில்லை. பணியிலிருந்து விலக்கப்பட்டன. கடவுளின் முடிவை அறியப் பயன்பட்ட ஊரீம் தும்மீம் என்ற பொருள்களை உடைய ஆசாரியர் ஒருவர் எழும்பித் தீர்ப்புச் சொல்லும்வரை மகா பரிசுத்தமானதை, அதாவது பலிகளில் ஆசாரியருக்கே உரிய பங்கை, சாப்பிடக் கூடாது என்று ஆளுநர் சொல்லிவிட்டார். தாள் இல்லையென்றால் தட்டும் இல்லை என்பது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல.

அன்றாட வேலை சாம்பலில் தொடங்கியது. பலிபீடத்து நெருப்பு அணையவே கூடாது. காலையில் ஆசாரியர் சணல்நூல் உடை அணிந்து, இரவெல்லாம் எரிந்த சாம்பலை அள்ளிப் பீடத்தருகே வைப்பார். பிறகு அந்த உடையைக் கழற்றி வேறு உடை உடுத்திக்கொண்டு சாம்பலைப் பாளயத்துக்கு, அதாவது மக்கள் கூடாரமிட்டிருந்த இடத்துக்கு, வெளியே கொண்டுபோய்க் கொட்டுவார். குப்பை அள்ளுவதற்கும் சீருடை; அதைக் கொட்டப் போகும்போது உடை மாற்றம்! காலையில் ஓர் ஆட்டுக்குட்டி, மாலையில் ஓர் ஆட்டுக்குட்டி, கூடவே எண்ணெயில் பிசைந்த மாவும் திராட்சரசமும். விளக்கைச் சீர்செய்வது, தூபம் காட்டுவது. ஓய்வுநாள்தோறும் 12 அப்பங்களைப் புதிதாக அடுக்கிவிட்டுப் பழையவற்றைப் பரிசுத்த இடத்திலேயே உண்பது.

பாபிலோனிலிருந்து திரும்பிய பின் கட்டிய இரண்டாம் ஆலயத்தின் காலத்தில் இந்தச் சாம்பல் வேலைக்கே போட்டி வந்ததை, யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. பலிபீடத்துக்கு ஏறும் சரிவில் ஓடுவார்கள். முதலில் எட்டியவருக்கு வேலை. ஒருநாள் இருவர் சமமாக ஓடினார்கள். ஒருவர் மற்றவரைத் தள்ளிவிட, விழுந்தவருக்குக் கால் முறிந்தது. அதற்குப் பிறகுதான் சீட்டு முறை வந்தது. சீட்டு என்றாலும் எழுதிப் போடுவது கிடையாது: எல்லோரும் விரலை நீட்டுவார்கள், மேற்பார்வையாளர் எண்ணிக்கொண்டே வருவார், எண்ணிக்கை முடிகிற ஆளுக்கு வேலை. ஆட்களைத் தலை எண்ணக் கூடாது என்பதால் விரல். தூபம் காட்டும் வேலைக்கு மட்டும், இதுவரை காட்டாத புதியவர்களையே அழைத்தார்கள். ஆசாரியர்கள் 24 வகுப்புகளாக முறைவைத்துப் பணிசெய்த காலம் அது. லூக்கா நற்செய்தியில் அபியா வகுப்பைச் சேர்ந்த சகரியா என்ற ஆசாரியருக்குச் சீட்டு விழுந்ததும் இந்தத் தூபப் பணிக்குத்தான்.

பலிபீடத்துக்கு வெளியேயும் வேலை இருந்தது. மக்களை ஆசீர்வதிப்பது, சட்டம் போதிப்பது, சிக்கலான வழக்குகளில் தீர்ப்புச் சொல்வது. எனக்குப் பிடித்தது ஆய்வாளர் வேலை. தோலில் வெண்மையான தழும்பு தெரிந்தால் ஆசாரியரிடம் காட்ட வேண்டும். அங்குள்ள மயிர் வெளுத்திருக்கிறதா, தழும்பு தோலைவிடப் பள்ளமா என்று பார்ப்பார். ஐயம் என்றால் ஏழு நாள் அடைத்துவைப்பு; தேவைப்பட்டால் இன்னும் ஏழு நாள். மருந்து தருவது அவர் வேலையல்ல. தீட்டு அல்லது சுத்தம் என்று அறிவிப்பதோடு சரி.

வீட்டுச் சுவரிலும் தோஷம் வரும். பச்சையாகவோ சிவப்பாகவோ குழிவிழுந்த கறைகள். வீட்டுக்காரர் ‘தோஷம் வந்துவிட்டது’ என்று தாமே முடிவுகட்டக் கூடாது; ‘தோஷம் போல ஒன்று தெரிகிறது’ என்றுதான் முறையிட வேண்டும். ஆசாரியர் வந்து பார்ப்பதற்கு முன் வீட்டைக் காலிசெய்யச் சொல்லுவார். அவர் பார்த்துத் தீட்டு என்று சொல்லிவிட்டால் உள்ளிருக்கும் பானை, பாய் எல்லாம் தீட்டாகிவிடுமே! முதலில் வெளியே எடுத்துவிட்டால் பொருள் தப்பும். ஏழை வீட்டு நிலைமை தெரிந்த யாரோதான் இந்த விதியை எழுதியிருக்க வேண்டும்.

ஏழைகளுக்குச் சலுகை வேறு இடங்களிலும் உண்டு. சில குற்றங்களுக்கான பாவநிவாரணபலிக்கு ஆடு முடியாதவர் இரண்டு காட்டுப்புறாவோ புறாக்குஞ்சோ கொண்டுவரலாம். அதுவும் முடியாதவருக்கு எப்பா என்ற தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு போதும், எண்ணெயும் சாம்பிராணியும் இல்லாமல்.

இனி குடும்பம். பாவநிவாரணபலியின் பங்கை ஆசாரியர் வீட்டு ஆண்கள் மட்டும், அதுவும் பரிசுத்த இடத்தில் சாப்பிடலாம். மற்றப் பரிசுத்த உணவை வீட்டார் எல்லோரும் உண்ணலாம். விலைக்கு வாங்கிய அடிமைக்கும் உண்டு. தங்கியிருக்கும் விருந்தாளிக்கும் கூலிக்காரருக்கும் இல்லை. ஆசாரியரின் மகள் வெளியாருக்கு வாழ்க்கைப்பட்டால் உரிமை போய்விடும். விதவையாகவோ தள்ளிவிடப்பட்டோ, பிள்ளையில்லாமல் தகப்பன் வீட்டுக்குத் திரும்பினால் உரிமையும் திரும்பும். குடும்ப ஓய்வூதிய விதிகளைப் புரட்டியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தகுதியில்லாதவர் தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பித் தர வேண்டும்.

பார்வையற்றவர், கால் ஊனமுற்றவர் போன்றோர் ஆரோன் வம்சத்தாராக இருந்தாலும் பலிபீடத்தில் பணிசெய்யக் கூடாது என்ற விதி இன்று படிக்கும்போது உறுத்துகிறது. அதே அதிகாரத்தில், அவர்களுக்குச் சாப்பாடு மறுக்கப்படவில்லை என்பதும் இருக்கிறது: மகா பரிசுத்தமானதும் உண்ணலாம்.

பணிக்கு வருகிறவர் குடிக்கக் கூடாது. கைகால் கழுவாமல் நெருங்கக் கூடாது. நெருங்கிய இரத்த உறவினர் தவிர வேறு யாருடைய சாவுத் தீட்டும் படக் கூடாது. பிரதான ஆசாரியருக்கோ பெற்றோர் சாவுக்கும் அனுமதியில்லை.

எழுதிவைத்தபடி எல்லாம் நடந்ததா? ஆலயத்துக்கு முன் வழிபாட்டிடமாக இருந்த சீலோவில், ஆசாரியர் ஏலியின் மகன்களான ஓப்னி, பினெகாஸ் காலத்தில், இறைச்சி வேகும்போதே ஆசாரியரின் வேலைக்காரன் மூன்று கூருள்ள முட்கரண்டியோடு வந்து நிற்பான். சட்டியில் குத்தி வருவதெல்லாம் ஆசாரியருக்கு. கொழுப்பை எரிக்கும் முன்பே பச்சை இறைச்சி கேட்டு, தராவிட்டால் பிடுங்கிக்கொள்வேன் என்று மிரட்டவும் செய்தான். பாபிலோனிலிருந்து மக்கள் திரும்பிய பிறகு ஆளுநராக இருந்த நெகேமியாவின் காலத்தில் நேர்மாறு: மக்கள் பங்கைக் கொடுக்கவில்லை, லேவியரும் பாடகரும் பணியை விட்டுவிட்டு ஆளுக்கொரு வயலைப் பார்க்க ஓடிப்போனார்கள்.

கி.பி. 70இல் ரோமர் எருசலேம் ஆலயத்தை இடித்தபோது பலிகள் நின்றன. ஆசாரிய வம்சம் நிற்கவில்லை. தாய்க்கு முதலில் பிறந்த ஆண் குழந்தையை மீட்க ஐந்து சேக்கல் வெள்ளி தர வேண்டும் என்று வேதாகமத்தின் எண்ணாகமம் என்ற நூல் சொல்லும் விதி யூதக் குடும்பங்களில் இன்றும் நடக்கிறது. குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்ததும் தகப்பன் ஐந்து வெள்ளிக் காசுகளை ஒரு கோஹேனிடம் கொடுக்கிறார். வாங்கிக்கொண்டு ஆசீர்வதித்த கோஹேன், அதைக் குழந்தைக்கே பரிசாகத் திருப்பிக் கொடுத்துவிடுவதும் உண்டு.