ஓடாத மின்குமிழ்கள் ஓடுவது எப்படி?

திருவிழாக் காலத்தில் மட்டக்களப்புக் கோயில் வீதிகளில் நிறுத்தப்படும் மின்தோரணங்களில், மயிலின் உடலிலிருந்து தோகை நுனி வரை ஒளி ஓடிக்கொண்டே இருக்கும். உண்மையில் அங்கே எதுவும் ஓடுவதில்லை. ஒவ்வொரு குமிழும் பொருத்திய இடத்திலேயே நின்று எரிந்து அணைகிறது. பக்கத்திலுள்ள குமிழ் அடுத்து எரியும்போது, ஏதோ ஒன்று இங்கிருந்து அங்கே நகர்ந்ததாக மூளைதான் முடிவுகட்டிக்கொள்கிறது. அசைவூட்டப் படமும் கைப்பேசித் திரையில் வழுக்கிச் செல்லும் படங்களும் மூளையின் இந்த முடிவை நம்பியே இயங்குகின்றன.

விழித்திரையில் பிம்பம் சிறிது நேரம் தங்குவதால்தான் அசைவு தெரிகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது பாதி விளக்கம்தான். பிம்பம் தங்குவது ஒளியின் சிமிட்டலை மறைக்கலாம். ஆனால் அது மட்டுமே காரணமென்றால் தோகை முழுவதும் ஒரேயடியாக எரிவதுபோல் அல்லவா தெரியவேண்டும்? மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் இரண்டு கோடுகளை மாறிமாறிக் காட்டிச் செய்த சோதனைகளை 1912இல் வெளியிட்டார். இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 30 மில்லிசெக்கன் விட்டபோது அவை ஒன்றாகத் தெரிந்தன. 200 மில்லிசெக்கன் விட்டபோது ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. 60 மில்லிசெக்கன் அளவில், ஒரே கோடு இடம்பெயர்வதாகப் பார்த்தவர்கள் கூறினர்.

சரி, ஒளி எந்தப் பக்கம் ஓடுவது என்பதை மூளை எப்படித் தீர்மானிக்கிறது? மின்தோரணத்தின் பின்புறத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். குமிழ்களை இரண்டு இணைப்புகளாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்று எரியவைத்தால் வெறும் சிமிட்டல்தான் மிஞ்சும். எரிந்து அணைந்த குமிழுக்கு வலப்புறக் குமிழும் இடப்புறக் குமிழும் சம தூரத்தில் இருப்பதால் எப்பக்கமும் சாய மூளைக்குக் காரணமில்லை. மூன்று இணைப்புகளாகப் பிரித்து 1, 4, 7 ஆகியவற்றை முதலிலும், 2, 5, 8 ஆகியவற்றை அடுத்தும், 3, 6, 9 ஆகியவற்றை அதன் பின்னும் எரியவைத்தால், புதிதாக எரியும் குமிழ் ஒரு பக்கத்தில் ஓரிடம் தள்ளியும் மறுபக்கத்தில் ஈரிடம் தள்ளியும் இருக்கும். கிட்டியதையே மூளை தேர்ந்தெடுக்கிறது, திசை பிறக்கிறது. ஒருமுறை எங்கள் பக்கத்துக் கோயிலொன்றில் மயிலின் தோகை விரிவதற்குப் பதிலாக உட்புறமாகச் சுருங்கிக்கொண்டிருந்தது. விளக்குக் கட்ட வந்த இளைஞர் ஏணியில் ஏறி, மூன்றில் இரண்டு வயர்களை மட்டும் இடம்மாற்றிக் கொழுவினார், தோகை விரிந்தது.

திரைப்படத்தில் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதும் இதே காரணத்தால்தான். அம்பாறையில் நெல் ஏற்றிச் செல்லும் மாட்டுவண்டியின் சக்கரத்தில் 12 ஆரக்கால்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த கால்களுக்கு இடையே 30 பாகை. படச்சுருளின் ஒரு சட்டகத்துக்கும் (தனிப் படத்துக்கும்) அடுத்த சட்டகத்துக்கும் இடையில் சக்கரம் 27 பாகை முன்னே போனால், கிட்டிய பொருத்தம் 3 பாகை பின்னே இருப்பதுதான்.

அசைவூட்டக் கலைஞரின் திறமை இந்த இடைவெளிகளை ஆள்வதில் இருக்கிறது. வாவியில் வீச்சுவலை எறிபவரை வரைவதானால், திரைப்படத்தின் செக்கனுக்கு 24 சட்டகங்களில் ஒவ்வொரு படத்தையும் இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தி, 12 படங்களில் ஒரு செக்கனை நிரப்பலாம். கையின் பாதையைச் சம துண்டுகளாகப் பிரித்து வரைந்தால் பொம்மை வலை எறிவதுபோல் இருக்கும். இடுப்புத் திரும்பும் தொடக்கப் படங்கள் நெருக்கமாகவும், வலை கையை விட்டுப் பறக்கும் படங்கள் அகலவும், வலை வட்டமாக விரிந்து நிற்கும் கணத்தில் மறுபடி நெருக்கமாகவும் அமையும்போதுதான் ஈயக் குண்டுகளின் பாரம் நமக்குத் தெரிகிறது. நடுவில் இடைவெளி அளவுக்கு மீறி அகன்றால் மூளை இணைப்பைத் தவறவிடும் என்பதால், அந்தப் படங்களில் கையையும் வலையையும் இழுத்து நீட்டி வரைவார்கள். தனியே எடுத்துப் பார்த்தால் அந்தப் படம் விகாரமாகத்தான் இருக்கும்.

பார்வையாளரின் அசைவுக்கு எதிர்வினையாற்றும் ஊடாட்டக் கலையில் இன்னொரு இடைவெளியும் சேர்கிறது. கமரா கையைப் பிடித்து, கணினி கணித்து, ஒளியெறி கருவி சுவரில் காட்டும்வரை ஆகும் தாமதம் அது. செக்கனுக்கு 60 படம் காட்டும் திரையில் ஒரு படத்துக்கே ஏறத்தாழ 17 மில்லிசெக்கன் செலவாகிறது. மொத்தத் தாமதம் 100 மில்லிசெக்கனைத் தொடும்போது, அசைப்பது தன் கைதான் என்ற உணர்வு பார்வையாளருக்குத் தளரத் தொடங்கும். இத்தகைய படைப்புகளில் நீர், புகை, துணி ஆகியவை அடிக்கடி இடம்பெறுவதற்கு அழகு மட்டுமே காரணமல்ல என்பது என் எண்ணம். தொட்டபின் சற்றுப் பொறுத்து அலை விரிவதை வாவிக்கரையில் வளர்ந்த எவரும் தாமதமாக எண்ணுவதில்லை. விரல் நுனியைப் பின்தொடரும் கோட்டுக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை.